புன்னைத்துறையில் எண்களின் வால் உதிர்ந்த பருவம்

கடற்காற்றை முன்கூட்டிச் சொல்லும் காற்று நிலையத்தின் பின்சுவரில், இயந்திரத்தின் சூட்டை வெளியே தள்ளுவதற்கென்று வைத்த சாளரத்தின் வழியாக எண்களின் வால்கள் முதன்முதலாக உதிர்ந்த அந்தப் புரட்டாசி மாலையில், புன்னைத்துறை மக்களாகிய நாங்கள் ஏறத்தாழ எல்லாரும் கடற்கரை மணலில் கருவாடு அள்ளிக்கொண்டிருந்தோம். கிழக்கே வானம் கருத்திருந்ததால் விரைந்து அள்ளிக்கொண்டிருந்தோம். ஆகையால் மாலை வெயிலில் மினுமினுத்துக்கொண்டு கூட்டங்கூட்டமாக இறங்கி வந்தவற்றை ஈசல் என்றே முதலில் எண்ணி, வாயையும் மூக்கையும் முந்தானையாலும் துண்டாலும் மூடிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தோம். அவை மணலில் விழுந்தன. விழுந்த பிறகும், பல்லி உதறிவிட்டுப் போன வாலைப் போலத் துடித்துக்கொண்டிருந்தன. எங்கள் ஊராட்சித் தலைவர் பேச்சிக்கனி ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். விரற்கடை நீளத்தில், வெள்ளிக் கம்பியைப் போல, ஏழும் மூன்றும் ஒன்பதும் நான்கும் ஒன்றன் கையை மற்றொன்று பிடித்தபடி அங்கே நெளிந்துகொண்டிருந்தன.

"நம்பர்ல்லா இது" என்றார் அவர்.

"கடிக்குமா?" என்று யாரோ கேட்டார்கள்.

"கடிக்கல. கூசுது."

"அப்ப சரி. கருவாட்டுல ஒட்டிக்கிடாம உதறி அள்ளுங்க."

அவ்வளவுதான் நாங்கள் அதைப் பற்றி அன்று பேசியது.

வால்கள் ஏன் உதிர்ந்தன என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். அவற்றை உதிர்த்தவள் எங்கள் மருமகள்தான். ஈரோட்டுப் பக்கத்திலிருந்து காற்று நிலையத்துக்குப் பொறியாளராக வந்த நீலவேணி, விசைப்படகு ஓட்டும் பேச்சிமுத்துவை விரும்பி மணந்துகொண்டு, புன்னைத்துறையிலேயே தங்கிவிட்டவள். எங்கள் ஊரில் பிறந்த ஒவ்வொருவருக்கும் பேச்சியம்மன் பெயரை முன்னால் வைத்தே பெயரிடுவார்கள் என்பதும், எல்லாருக்கும் பொதுவாக இருப்பதாலேயே அந்த முன்பாதியை எவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை என்பதும், பேச்சிமுத்து முத்து என்றும் பேச்சிராசா ராசா என்றும் பேச்சிக்கனி கனி என்றுமே வாழ்நாள் முழுதும் அழைக்கப்படுவார்கள் என்பதும் அவளுக்குத் தொடக்கத்தில் தெரியாது. திருமணமான முதல் வாரத்தில், கணவன் மறந்து வைத்துவிட்டுப் போன சாப்பாட்டுத் தூக்குடன் கரைக்கு ஓடிவந்து, நகரத்துப் பழக்கத்தில், "பேச்சிமுத்து!" என்று முழுப்பெயரையும் சொல்லிக் கூவினாள், 'முத்து'வைக் காற்று அடித்துக்கொண்டு போய்விட்டது, மிஞ்சிய 'பேச்சி'யைக் கேட்டுக் கடற்கரையில் நின்ற அத்தனை பேரும், ஆணும் பெண்ணும் கிழவரும் குழந்தையும், "என்ன?" என்று ஒருசேரத் திரும்பினோம். அவள் அந்தத் தூக்கை மணலில் வைத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டதை இன்றும் சொல்லிச் சிரிப்போம். அதன்பின் அவள் 'முத்து' என்று மட்டும் அழைக்கப் பழகினாள். கணவனைப் பெயர் சொல்லி அழைக்கும் மருமகளுக்கும் ஊர் பழகிக்கொண்டது.

காற்று நிலையத்து இயந்திரம் செய்த வேலை எங்களுக்கு உயிர் போன்றது. அது எங்கள் கடலைக் கட்டங்கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தின் காற்றழுத்தத்தையும் எண்ணாக வைத்துக்கொண்டு, எந்தப் பக்கத்திலிருந்து எவ்வளவு காற்று வரும் என்று ஒவ்வொரு மாலையும் சொல்லும். அதைக் கேட்டுத்தான் படகுகள் போகும். முத்துவின் படகும் அப்படித்தான், தன் மனைவி சொன்ன காற்றை நம்பித்தான், போய் வந்தது. ஆனால் அந்த இயந்திரம் ஓடும் வேளையில் ஊரின் மின்சாரம் முழுவதையும் குடித்துவிடும், விளக்குகள் மங்கும், பேச்சிராசாவின் ஐஸ் ஆலை நின்றுபோகும், மீன் வந்து இறங்கும் வேளையும் அதுவேதான் என்பதால், ஐஸ் இல்லாமல் மீன் கெடும். ஆவணி மாதத்துப் பஞ்சாயத்தில் ராசா எழுந்து நின்றார்.

"ஏம்மா, உன் பொட்டி கணக்குப் போடுத நேரத்துல என் ஆலை கண்ண மூடிக்கிடுது. அப்படி என்னத்ததான் குடிச்சுக் கணக்குப் போடுது அது?"

"கணக்குப் போடுறதுக்குக் கரண்ட் கொஞ்சந்தாங்க அண்ணாச்சி ஆகுது" என்றாள் நீலவேணி. "எண்ணை நினைவகத்துல இருந்து தூக்கிட்டு வர்றதுக்கும், திரும்பக் கொண்டுபோய் வைக்கிறதுக்குந்தான் மீதி எல்லாம் போகுதுங்க."

"அப்ப உள்ள நடக்குறது லோடுமேன் வேலை."

"ஆமாங்க. அதுவும் ஒவ்வொண்ணும் நீள நீளமான எண்ணு. மிதவைப் புள்ளி எண்ணுன்னு பேரு. புள்ளி ஒரே இடத்துல நிக்காம, எண்ணோட அளவுக்குத் தகுந்த மாதிரி முன்னுக்கும் பின்னுக்கும் மிதந்து போகும்."

"எங்க மிதவையுந்தான் போவுது. போனா வலையோட போவுது" என்றார் பின்வரிசையில் ஒருவர், கூட்டம் சிரித்தது, நீலவேணியும் சிரித்தாள், ராசா மட்டும் சிரிக்கவில்லை.

கனி அக்காள் தீர்ப்புச் சொன்னார்: "ஐப்பசி முடியதுக்குள்ள பாதிக் கரண்டுல ஓட்டு, தாயி. முடியலன்னா நிலையத்தைத் தூக்கி வேற ஊருல வைக்கச் சொல்லி நானே எழுதிப் போட்டுருவேன். காத்தும் வேணும், ஐஸும் வேணும். ரெண்டுல ஒண்ணுதான்னா, ஊரு ஐஸைத்தான் கேக்கும். காத்தை மூக்கு வச்சே பாத்துக்கிடலாம்னு சொல்லுவானுவ."

மூக்கை நம்பிக் கடலுக்குப் போன தலைமுறையில் எத்தனை பேர் திரும்பவில்லை என்பதை நீலவேணி தன் மாமியார் வீட்டுச் சுவரில் மாலையுடன் தொங்கிய படங்களைக் கொண்டே அறிந்திருந்தாள். நிலையம் போய்விட்டால் அவள் வேறு வேலை தேடிக்கொள்வாள். முத்து வேறு கடலைத் தேடிக்கொள்ள முடியாது. ஆகவே சுமையைக் குறைப்பது என்று துணிந்து, ஒவ்வோர் எண்ணிலும் புள்ளிக்குப் பின்னால் வரும் வாலை வெட்டிவிட்டு, தலையை மட்டும் வைத்துக்கொள்ளும்படி இயந்திரத்துக்குக் கட்டளையிட்டாள். ஆயிரத்து எட்டுப் புள்ளி நான்கு ஒன்று ஏழு என்றிருந்தது ஆயிரத்து எட்டு ஆனது. வெட்டியதால் பிழை நேர்கிறதா என்று, அவளுடைய தொழிலில் எல்லாரும் செய்வது போலவே, கடல் முழுவதற்குமாகச் சராசரி எடுத்துப் பார்த்தாள். வால் இருந்தபோது வந்த சராசரிக்கும் வால் இல்லாதபோது வந்த சராசரிக்கும் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வேறுபாடு இல்லை. அந்தச் சராசரியை நம்பியதுதான் அவள் செய்த பிழை. ஆனால் மின்சாரம் பாதியாகக் குறைந்தது, ஆலை நிற்கவில்லை, விளக்குகள் மங்கவில்லை, பின்சுவர்ச் சாளரத்திலிருந்து வால்கள் உதிர்ந்தன.

மூன்று நான்கு நாள்கள் உதிர்ந்துகொண்டிருந்தன. அதற்குப் பிறகு எண்கள் வால் இல்லாமல் இருக்கப் பழகி, மொட்டையாகவே வரத் தொடங்கின. உதிர்ந்தவை மட்டும் ஊரில் தங்கிவிட்டன. அவை சாகவில்லை. கூரையிலும் வேலியிலும் துணிக்கொடியிலும் ஒட்டிக்கொண்டு, அவ்வப்போது தம் இலக்கங்களை மெல்ல மாற்றிக்கொண்டு, தமக்குள் எதையோ நினைத்துக்கொண்டிருப்பவை போல நெளிந்துகொண்டிருந்தன. பெண்கள் முதலில் அவற்றைப் பெருக்கித் தள்ளினார்கள். கோழிகள் கொத்தின, கொத்திய கோழிகள் இட்ட முட்டைகள் ஒன்றுக்கொன்று மயிரிழையும் வேறுபடாத அளவில் இருந்ததைக் கண்ட பிறகுதான், வாலில் ஏதோ சத்து இருக்கிறது என்று பேச்சு எழுந்தது.

தையற்காரி பேச்சிவடிவின் அளவு நாடாவில் ஒரு வால் சுற்றிக்கொண்டது; அன்று முதல் அவள் தைத்த இரவிக்கை எதையும் எவரும் பிரித்துத் தைக்கக் கொடுக்கவில்லை; இருமும்போது மட்டும் பிடித்தது, ஏனென்றால் இருமாத உடம்புக்கு அது அவ்வளவு சரியாக இருந்தது. முடிதிருத்துபவரின் கத்தரியில் ஒன்று குடியேறியதால் ஊர் ஆண்களின் மீசைகள் அனைத்தும் இரு பக்கமும் ஒத்து நின்று, எல்லாருக்கும் சற்றே திகைத்த தோற்றத்தைத் தந்தன. தேநீர்க்கடையில் எட்டாவது கோப்பையும் முதல் கோப்பையைப் போலவே இனித்தது. பேச்சியம்மன் கோயில் பூசாரி பேச்சியாண்டியின் மணியில் ஒன்று புகுந்தது. கோயில் மணி அடித்ததும் ஊரின் எல்லாக் கடிகாரங்களும் வெட்கப்பட்டுத் தம்மைத் திருத்திக்கொண்டன.

இட்லி மாவில் விழுந்ததைப் பொறுக்காமல் அவித்துத் தின்றவர்களுக்கு வேறொன்று நேர்ந்தது. அவர்களால் 'சுமார்' என்று சொல்ல முடியவில்லை. 'கொஞ்சம்', 'கிட்டத்தட்ட', 'ஏதோ' ஆகிய சொற்கள் தொண்டையிலேயே நின்றுவிட்டன. தரகர் ஒருவர் பெண் வீட்டில் உட்கார்ந்து, "மாப்பிள்ளைக்கு முடி கொஞ்சம் ஏறின நெத்தி" என்று சொல்ல வாயெடுத்து, நெற்றி எங்கே முடிகிறது என்பதை விரற்கடைக் கணக்கில் உரைத்துவிட்டுத் தலைகுனிந்து எழுந்து வந்தார். மீனவர்களின் நிலை இன்னும் இரங்கத்தக்கது.

"எம்புட்டுப் பெரிய மீனு தெரியுமா, அறுத்துக்கிட்டுப் போச்சு" என்று தேநீர்க்கடையில் தொடங்கிய ஒருவர், இரண்டு கைகளையும் அகல விரித்தார். விரித்த கைகள் அவரை மீறித் தாமே நெருங்கி வந்து, மீனின் உண்மையான நீளத்தில் நின்றன.

"இதுக்கா இம்புட்டுச் சவுண்டு விட்ட? நெத்திலிக்கு அக்கா மவன்ல்லா இது" என்றார் கடைக்காரர்.

"எலே, கைய விடுதா பாரு. நான் என்ன செய்ய?"

இவ்வாறாக ஊர் வால்களுடன் வாழப் பழகிற்று. கணவன் மனைவியிடையே இருந்த சில ஐயங்கள் நீங்கின. சில புதிதாகத் தோன்றின. "எம்மேல ஒமக்குப் பிரியம் இருக்கா?" என்று கேட்ட வடிவுக்கு அவள் கணவன் புள்ளிக்குப் பின்னால் ஆறு இலக்கம் வரை விடை சொன்னான், அவள் ஒரு வாரம் பேசவில்லை, பிறகு, முழு எண்ணுக்கு அவ்வளவு அருகில் வந்த மனிதன் வேறெங்கே கிடைப்பான் என்று தேறிக்கொண்டாள். பேச்சிராசாவின் ஆலையில், ஐஸ் அச்சுகளுக்குள் தண்ணீரோடு விழுந்த வால்கள் அப்படியே உறைந்தன. அந்தக் கட்டிகள் மட்டும் ஒழுகாமல், ஓரம் மழுங்காமல் நெடுநேரம் நின்றதால், தனக்கு வேண்டியவர்களின் படகுகளுக்கு மட்டும் அவர் அவற்றை ஒதுக்கி வைத்தார். தன்னை எதிர்த்து ஒரு சொல்லும் பேசாத மருமகளின் கணவன் என்பதற்காக முத்துவின் படகுக்கும் ஒன்று போனது.

நிலையம் அந்த நாள்களில் ஒவ்வொரு மாலையும் ஒன்றையே சொன்னது: கடல் அமைதி, காற்று இல்லை. உண்மையிலேயே புரட்டாசிக் கடல் அப்போது தாம்பாளத்தில் ஊற்றிய எண்ணெயைப் போலக் கிடந்ததால், எவரும் எதையும் ஐயுறவில்லை. ஐப்பசி பிறந்தது; நிலையம் அப்போதும் அமைதி என்றது. முத்துவின் படகும் அதனோடு வேறு சில படகுகளும், மூன்று நாள் தங்கலுக்கென ஐஸும் அரிசியும் ஏற்றிக்கொண்டு, வடகிழக்கே ஆழ்கடலுக்குப் போயின.

அவை போன மறுநாள் நண்பகலுக்குப் பிறகு, ஊரிலிருந்த வால்கள் அனைத்தும் ஒரே நேரத்தில் தென்கிழக்கே திரும்பின.

கொடியில் காய்ந்த துணிகள், காற்றே இல்லாதபோது, தென்கிழக்கே நீட்டிக்கொண்டு நின்றன. வடிவின் அளவு நாடா மேசையிலிருந்து எழுந்து சன்னலுக்கு வெளியே தலையை நீட்டிற்று. ஆண்களின் மீசைகளுக்குள் ஒளிந்திருந்த வால்கள் இழுத்த இழுப்பில், தேநீர்க்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் அனைவரின் முகங்களும் கடலை நோக்கித் திரும்பின. பேசிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே கடலைப் பார்த்தபடி பேச்சைத் தொடர்ந்தார்கள். கோழிகள் வரிசையாக நின்றன. வால்களைத் தின்றவர்களுக்கு வயிற்றுக்குள் ஏதோ தென்கிழக்கே இழுத்தது. கனி அக்காள் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு, "ஏட்டி, யாராவது போய் அந்த மருமவளக் கூட்டிட்டு வாங்க" என்றார்.

நீலவேணி அழைப்புக்கு முன்னரே தெருவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே ஓடித் திரையைப் பார்த்தாள்: கட்டத்துக்குக் கட்டம் ஆயிரத்து எட்டு, ஆயிரத்து எட்டு, ஆயிரத்து எட்டு, சலவை செய்த வேட்டியைப் போலச் சுருக்கமற்ற கடல். வெளியே ஓடி வால்களைப் பார்த்தாள். மறுபடி உள்ளே ஓடி, படகுகளை அழைக்கும் வயர்லெஸ்ஸை எடுத்து, பதற்றத்தில் பழைய நாள்களுக்குத் திரும்பிப்போய், முழுப்பெயரையும் சொல்லி அழைத்தாள்.

"பேச்சிமுத்து! பேச்சிமுத்து!"

கடலுக்கு மேலிருந்த இரைச்சல் பின்பாதியைத் தின்றுவிட்டது. முன்பாதியைக் கேட்ட படகுகள் அனைத்தும் ஒருமித்துப் பதில் சொல்லின.

"சொல்லுங்க."

"சொல்லு தங்கச்சி."

"மைனி, என்ன விசயம்?"

"யாரைத்தான் கூப்பிடுதீய?"

ஒருகாலத்தில் தூக்குடன் கரையில் நின்றதும், கடற்கரை முழுதும் திரும்பிப் பார்த்ததும், அந்தக் கூட்டத்தில் தன் கணவன் எவன் என்று தெரியாமல் போனதும் அவள் நினைவுக்கு வந்தன. திரையில் இருந்ததும் அதே கடற்கரைதான். எல்லாக் கட்டங்களும் ஆயிரத்து எட்டு என்றே பிறந்தவை. ஓரிடத்தை மற்றோரிடத்திலிருந்து பிரித்துக் காட்டுவது வால். ஓரிடத்துக்கும் மற்றோரிடத்துக்கும் உள்ள வேறுபாடுதான் காற்று. அவள் எல்லாருக்கும் பொதுவான பேச்சியைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, முத்துவை வெட்டி வெளியே எறிந்திருந்தாள்.

"முத்து" என்றாள்.

"சொல்லு நீலா."

"திரும்பி வாங்க. இப்பவே."

"என்ன சொல்லுத? வலை முழுக்கத் தண்ணிக்குள்ள கெடக்கு. அமைதின்னு நீதான சொன்ன?"

"தப்பாச் சொல்லிட்டேன். ஊருல இருக்கிற வால் எல்லாம் தென்கிழக்கே இழுக்குதுங்க."

"வாலு இழுக்குன்னு வலைய அறுத்துட்டு வரச் சொன்னா, கூட இருக்க பயலுவ என்னையத் தூக்கித் தண்ணியில போட்டுருவானுவ. காத்து எங்க இருந்து வருது, எந்தப் பக்கம் ஓடணும், அதைச் சொல்லு. நீ சொல்லு, நான் ஓட்டுதேன்."

நியாயமான பேச்சு. நீலவேணி நிலையத்தின் கதவை அகலத் திறந்து வைத்துவிட்டுத் தெருவுக்கு வந்து, ஊராரிடம் வால்களைத் திருப்பிக் கேட்டாள். எப்படிக் கேட்டாள் என்பதைப் பிறகு பலரும் பலவிதமாகச் சொன்னார்கள். கையெடுத்துக் கும்பிட்டாள் என்றார்கள், கத்தினாள் என்றார்கள். நாங்கள் முறங்களை எடுத்துக்கொண்டு கிளம்பினோம் என்பது மட்டும் உறுதி. கூரைகளைத் தட்டினோம், வேலிகளை உலுக்கினோம், வடிவு தன் அளவு நாடாவை உருவி நீட்டி, "போயிட்டு வா, ராசாத்தி" என்று வாலை மட்டும் அவிழ்த்துக் கொடுத்தாள், பூசாரி ஆண்டி மணியைக் கவிழ்த்து உதறினார், ஆண்கள் வரிசையில் நின்று மீசைகளைச் சீவிக்கொண்டார்கள், தின்றவர்கள் தும்மித் தும்மி வெளியேற்றினார்கள், தும்மல் வராதவர்களுக்கு வடிவு மூக்கில் மிளகாய்ப்பொடி காட்டினாள்.

"இத்தனையையும் உள்ள விட்டா, பழையபடி கரண்டைக் குடிச்சு என் ஆலைய நிறுத்தும்ல்லா?" என்று ராசா வாசலில் மறித்து நின்றார்.

"நிறுத்தாதுங்க அண்ணாச்சி. தலைதானுங்க வேண்டாதது" என்றாள் அவள். "எல்லாத்துக்கும் ஒரே தலைதான். அதை வாசல்ல ஒரே ஒரு தடவை எழுதி வெச்சுட்டா, உள்ள தூக்கிச் சுமக்கிறது வால் மட்டுந்தான். நீங்க எல்லாரும் பேச்சியைச் சுமந்துகிட்டா கூப்பிடுறீங்க?"

ராசா வழிவிட்டார். பிறகு ஆலையில் ஒதுக்கி வைத்திருந்த கட்டிகளையும் உடைத்துக் கொடுத்தார்.

அவள் இயந்திரத்தின் வாசலில் ஆயிரத்து எட்டு என்று ஒருமுறை எழுதினாள். முறங்களிலிருந்த வால்கள் மழைக்கு முந்திய எறும்புகளைப் போல வரிசை கட்டி உள்ளே போயின. ஒவ்வொன்றும் தன் கட்டம் எதுவென்று அறிந்து அதில் போய் உட்கார்ந்தது. திரையில் கடல் தன் சுருக்கங்களையும் மடிப்புகளையும் ஒவ்வொன்றாகத் திரும்பப் பெற்றது. விளக்குகள் மங்கவில்லை. ஆலை ஓடிக்கொண்டிருந்தது. எல்லாம் நிரம்பிய பிறகு ஒரு கட்டம் மட்டும் காலியாக இருந்தது. காலிக் கட்டத்தை வைத்துக்கொண்டு இயந்திரம் கணக்கைத் தொடங்க மறுத்தது. அந்தக் கட்டம், வடகிழக்கே, ஆழ்கடலில், முத்துவின் படகு நின்ற இடம்.

மறுபடி கூரைகளைத் தட்டினோம். கோழிகளைத் தலைகீழாகப் பிடித்தோம். இல்லை. அப்போது ராசா தன் துண்டைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டு, எவர் முகத்தையும் பார்க்காமல், "இன்னும் ஒண்ணு, ஐஸுக்குள்ள இருக்கு" என்றார். "முத்து படகுல. நான்தான் நல்ல கட்டியாப் பாத்துப் போட்டேன்."

நீலவேணி வயர்லெஸ்ஸை எடுத்தாள். "முத்து, ஐஸ் அறையில உடையாத கட்டி ஒண்ணு இருக்கும். அதுக்குள்ள ஒரு வால் இருக்கு. உடைச்சு எனக்குப் படிச்சுச் சொல்லுங்க."

"மீனு மேல பரப்பி வச்சிருக்க ஐஸையா?"

"முத்து!"

"சரி, சரி."

கட்டி உடையும் ஓசை கடலிலிருந்து எங்களுக்கே கேட்டது. பிறகு அவன் குரல் வந்தது. அதில் முன்பிருந்த கேலி இல்லை. "நீலா, இது கைய இழுக்கு. தூண்டிலுக்கு மாட்டின வாளை மீனு மாரி இழுக்கு."

"படிங்க."

"நாலு. ஒண்ணு. இல்ல, ரெண்டு. மாறிக்கிட்டே இருக்கு, புள்ள. மூணு. இப்ப நிக்கு. நாலு, ஒண்ணு, ஏழு, மூணு, ஒம்பது."

அவள் ஒவ்வோர் இலக்கத்தையும் அவன் சொல்லச் சொல்ல உள்ளே இட்டாள். தெருவில் நின்ற நாங்கள் அனைவரும், எங்களை அறியாமல், அவனோடு சேர்ந்து அந்த இலக்கங்களை உதட்டுக்குள் சொன்னோம். கடைசி ஒன்பது விழுந்ததும் கணக்கு ஓடியது. திரையில், தென்கிழக்கே, ஒரு சுழி விரிந்தது.

"வீட்டுப் பக்கம் வராதீங்க" என்றாள் அவள். "சுழி உங்களுக்கும் ஊருக்கும் நடுவுல நுழையுது. வடக்கே நண்டுத்திட்டுக்குப் போங்க. திட்டுக்கு மேற்கால ஒதுங்குங்க, கிழக்கால இல்ல. இருட்டறதுக்குள்ள போயிரலாம். எல்லாரையும் கூட்டிட்டுப் போங்க."

"சரி" என்றான் அவன். ஏன் என்று கேட்கவில்லை. வலையை அறுக்கும் ஓசையும், மற்றப் படகுகளை ஒவ்வொன்றாக அவன் அழைக்கும் ஓசையும் கேட்டன. அவன் எவரையும் பேச்சி என்று அழைக்கவில்லை.

அந்தி சாயும் வேளையில் காற்று வந்தது. புன்னைத்துறையில் தென்னைகள் தலையைத் தரையில் வைத்து எழுந்தன. கருவாட்டுப் பந்தல்கள் பறந்து பக்கத்து ஊரில் இறங்கின. சொன்ன திசையில் வந்தது, சொன்ன நேரத்தில் வந்தது, நண்டுத்திட்டின் மேற்குப் புறத்தைத் தொடாமல் போனது. மறுநாள் உச்சிவெயிலில் படகுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பின. வலைகள் இல்லை, மீன் பாதிதான் இருந்தது, ஆட்கள் முழுதாக இருந்தார்கள். "ஒரு பத்து இருவது பேரு இருப்பாங்க, எல்லாம் வந்துட்டாங்க" என்றார் கனி அக்காள்; அந்தத் துல்லியமற்ற சொற்களை வாயில் வைத்துக் கற்கண்டைப் போலச் சுவைத்தபடி இரண்டாம் முறையும் சொன்னார். தேநீர்க்கடையில் ஒருவர் எழுந்து நின்று இரண்டு கைகளையும் விரித்தார், கைகள் விரிந்தபடியே நின்றன, மீன் மறுபடியும் படகளவு ஆயிற்று, எல்லாரும் கைதட்டினோம்.

நிலையம் எங்கள் ஊரிலேயே இருக்கிறது. ஆனால் வாலை வைத்துக்கொண்டால் தலையை எங்காவது போட்டாக வேண்டுமல்லவா? அந்த வாரத்திலிருந்து பின்சுவர்ச் சாளரத்தின் வழியாகத் தலைகள் விழத் தொடங்கின. வால்களைப் போல மிதந்து இறங்கவில்லை. ஆயிரத்து எட்டு, ஆயிரத்து எட்டு என்று, அம்மிக் குழவியின் பருமனில், தொப்புத் தொப்பென்று விழுந்தன. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் எந்த வேறுபாடும் இல்லை. எந்தச் செய்தியும் இல்லை. கனம் மட்டும் இருந்தது. பூசாரி ஆண்டி முதல் தலையை எடுத்துப்போய் அம்மன் முன்னால் வைத்து, அதை ஒருமுறை தொட்டால் ஆயிரத்தெட்டு அருச்சனை செய்ததாகும் என்று அறிவித்து, தம் முழங்கால்களுக்கு ஓய்வு கொடுத்தார். வடிவு துணி பறக்காமலிருக்க இரண்டு வைத்துக்கொண்டாள். ராசா ஆலைக் கதவுக்கு முட்டுக் கொடுத்தார். மற்றவற்றைப் படகுக்காரர்கள் கொண்டுபோய்ப் புதிய வலைகள் நீரில் அமிழ்வதற்குக் குண்டுகளாகக் கட்டினார்கள்.

முத்து ஒன்றைக் கயிற்றில் கட்டி நங்கூரமாக்கிக்கொண்டான். அடுத்த பயணத்துக்கு அவன் அதை இழுத்துப் படகில் ஏற்றும்போது, மறந்து வைத்த சாப்பாட்டுத் தூக்குடன் நீலவேணி கரைக்கு ஓடிவந்தாள். காற்று பலமாக இருந்தது. எவ்வளவு பலம் என்பதை அன்று காலை அவளே சொல்லியிருந்தாள். கடற்கரை முழுதும் ஆட்கள். அவள் மூச்சை இழுத்து, அவனுக்கு மட்டுமே உரிய அந்தச் சிறு பாதியைக் காற்றுக்கு எதிராக எறிந்தாள்.

ஒருவன் மட்டும் திரும்பினான்.